விட்டிலும் தாவும் மரபுக் கூறுகளும்



விளக்கொளியை நாடி வரும் விட்டிற்பூச்சியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதன் உயிரணுவினுள், ஓரிடத்தில் நில்லாது பெயர்ந்து திரியும் மரபுக் கூறுகள் சில உறைகின்றன. அவற்றைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

மரபணுக்கள் மாலையில் கோத்த மணிகளைப் போலத் தத்தம் இடத்தில் அசையாதிருக்கும் என்றே நெடுங்காலம் அறிஞர் கருதி வந்தனர். அமெரிக்கராகிய பார்பரா மெக்கிளின்டாக் அம்மையார் மக்காச்சோள மணிகளின் நிறத்தை ஆராய்ந்து, சில கூறுகள் இடம் விட்டு இடம் தாவுகின்றன என்று 1940-களின் இறுதியில் கண்டறிந்தார். பலர் அதனை ஏற்கத் தயங்கினர். நோபெல் பரிசு 1983-ஆம் ஆண்டில்தான் அவருக்குக் கிடைத்தது.

இத்தாவலால் விளைவது யாது? இங்கிலாந்தில், மிளகுத்தூள் தூவினாற் போன்ற வெண்ணிற விட்டில் ஒன்று உண்டு. 1848-இல் மான்செஸ்டர் நகரில் அதன் கரிய வகை பதிவாயிற்று. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்துக் கிடந்தமையின், பறவைகளின் கண்ணுக்குக் கரியதே தப்பியது. அந்நூற்றாண்டு முடியுமுன் அந்நகரில் அதுவே பெரும்பான்மையாயிற்று. புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1956-இல் வந்தது. அதன் பின்னர்க் கரிய வகை மீண்டும் அருகியது. 'கார்ட்டெக்ஸ்' என்னும் மரபணுவினுள் ஏறத்தாழ 22,000 எழுத்து நீளமுள்ள தாவும் கூறு ஒன்று புகுந்ததே அக்கருமைக்குக் காரணம் என்று 2016-இல் நிறுவினர். அந்நுழைவு 1819-ஐ ஒட்டி நிகழ்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு.

இனி, உறவுமுறைக்கு வருவோம். 'மாரினர்' என்னும் தாவும் கூறு 1986-இல் மொரீசியஸ் தீவின் பழ ஈ ஒன்றில் அறியப்பெற்றது. 1991-இல் வட அமெரிக்காவின் செக்ரோப்பியா என்னும் பெரிய விட்டிலில் அதன் உறவினம் வெளிப்பட்டது. பின்னர்ப் பற்பல பூச்சிகளிலும் தேடினர். பூச்சிகளின் குலமுறையை ஒரு மரமாகவும், மாரினர்களின் குலமுறையை மற்றொரு மரமாகவும் வரைந்தபோது, இரண்டும் பொருந்தவில்லை! தொலைவான பூச்சிகளில் மிக நெருங்கிய மாரினர்கள் இருந்தன. ஒரே பூச்சியினுள் வேறுவேறு கிளையைச் சார்ந்தவையும் இருந்தன.

பெற்றோர் வழியாக மட்டும் வந்திருப்பின், இரு மரங்களும் ஒத்திருத்தல் வேண்டுமன்றோ? ஆகவே, இவை இனம் விட்டு இனமும் தாவியுள்ளன என்று கொள்ள நேர்ந்தது. வைரசுகளும் ஒட்டுண்ணிகளும் இவற்றைச் சுமந்து சென்றிருக்கலாம். முட்டைக்கோசைத் தின்னும் புழுவொன்றின் விட்டிலுக்குரிய உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்தபோது, 'பிக்கிபேக்' என்னும் கூறு அங்கிருந்து வைரசினுள் புகுந்ததை 1980-களில் கண்டனர். அதே கூற்றைக் கருவியாக்கி, 2000-ஆம் ஆண்டில் பட்டுப்புழுவினுள் அயல் மரபணுவைப் புகுத்தினர்.

செக்ரோப்பியா விட்டிலின் மாரினருக்கு உறவான கூறு மனிதரின் மரபுத் தொகுதியிலும் உண்டு. அதனால் விட்டில் நமக்கு நெருங்கிய சுற்றமாகிவிடாது. உறவை அளக்கப் புகுவோர் ஒரே கூற்றை நம்பி முடிவு கட்டலாகாது. பல மரபணுக்களை ஒப்பிட்டு, அவற்றுள் பெற்றோர் தந்தது எது, வழியில் வந்து சேர்ந்தது எது என்று பிரித்தறிதல் வேண்டும். உயிரியல் பயிலும் உங்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே: இரு மரங்கள் பொருந்தாதபோது ஒன்றை வெட்டி எறிந்துவிடாதீர்கள், ஏன் பொருந்தவில்லை என்று கேளுங்கள்.