காணக் கற்றலும் கதை எழுதலும்



நம் மாணவர் எழுதும் கதைகளிலே ஓயாது வீசும் காற்று ஒன்றுண்டு. அது தென்றல். கதை மார்கழி மாதத்தில் பருத்தித்துறைக் கடற்கரையில் நிகழ்ந்தாலும் அங்கே தென்றல்தான் தவழும். மார்கழியில் அக்கரையில் வீசுவதோ வாடை. வைகாசிக்குப் பின் தென்மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வருவது சோளகம். கடலுக்குச் செல்பவர் இக்காற்றுகளைத் தம் உடலால் உணர்ந்து பெயர் சொல்லுவர். அவர் வீட்டுப் பிள்ளையும் அவற்றை உணர்ந்தே இருக்கிறது. ஆயினும் பேனாவை எடுத்தவுடன், மாதிரிக் கட்டுரையிற் படித்த தென்றல் முன்வந்து நிற்கிறது. பிள்ளையின் ஊர் அப்பிள்ளையின் எழுத்திலிருந்தே மறைந்துவிடுகிறது.

இக்குறை சொல்வளம் இன்மையால் நேர்வதன்று. அவதானம் இன்மையால் நேர்வது. நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் கபிலர். பிரெஞ்சு எழுத்தாளர் புளோபேர், தம் மாணாக்கராகிய மாப்பசானுக்கு இதனையே பயிற்சியாக விதித்தார். வண்டிக் குதிரை ஒன்றை வருணித்தால், முன்னும் பின்னும் செல்லும் ஐம்பது குதிரைகளிலிருந்து அது வேறுபட்டுத் தோன்றவேண்டும் என்பது அவர் கட்டளை. 1888இல் வெளிவந்த தம் நாவலொன்றின் முன்னுரையிலே மாப்பசான் இதனைக் குறிப்பிட்டுள்ளார்.

இப்பயிற்சிக்கு வேண்டுவன ஓர் அப்பியாசக் கொப்பியும் நாளொன்றுக்குப் பத்து நிமிடங்களுமே. முதலில், வேலியோரத்துப் பனைகள் இரண்டினை நோக்குக. அவற்றிடையே உள்ள வேற்றுமைகளை எழுதுக. 'அழகிய', 'இனிய' என்னும் சொற்களை விலக்குக. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு செவிகொடுக்க. காவோலை உரசும் ஒலி வேறு; பச்சை ஓலை அசையும் ஒலி வேறு. இவ்வாறே மணத்தையும் தொடுகையையும் குறித்துக்கொள்க.

பின்னர் மனிதரைக் காண்க. சந்தையிலே ஒரு மூதாட்டி சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துக் காசை எடுக்கிறார். இருமுறை எண்ணுகிறார். ஒரு நாணயத்தை மட்டும் மீண்டும் முடிந்துகொள்கிறார். இதனை உள்ளவாறே எழுதினால், 'அவர் ஏழை' என்று எழுதவேண்டிய தேவையில்லை. அந்த ஒரு நாணயம் யாருக்காக? இவ்வினா எழும் இடத்திலேதான் கற்பனை பிறக்கிறது. அவதானம் கற்பனைக்குப் பகையன்று. அதற்கு நிலம் கொடுப்பது. ஆயினும் கண்டன யாவும் கதையாகிவிடா. நூறு குறிப்புகளுள் கதைக்கு உதவும் மூன்றினைத் தெரிந்தெடுத்தலும் இப்பயிற்சியின் ஒரு பகுதியேயாம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை இரவல் வாங்கிய தென்றலை வழுவின்றி எழுதுகிறது. மற்றொரு பிள்ளை தான் கண்ட வாடையைச் சற்றுக் கரடுமுரடாக எழுதுகிறது. முன்னதற்கே நாம் புள்ளிகளை வழங்கிவந்தால், பின்னதும் விரைவில் தென்றலுக்கு மாறிவிடும். வழுவைத் திருத்துவது எளிது. தன் கண்ணை நம்பாத பிள்ளைக்கு அந்நம்பிக்கையை மீட்டுக் கொடுப்பதோ மிக அரிது.