கணக்கு எழுதும் கைக்கு ஏற்ற கருவி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் கணக்காளர் ஆற்றிய உரை)



வருஷா வருஷம் இந்த மேடையில் நான் வரவு செலவு அறிக்கையைத்தான் வாசிப்பேன். இந்த வருஷம் தலைவர் அம்மா, "அறிக்கையைத் தங்கச்சி வாசிக்கட்டும். நீ அந்தக் கீபோர்டு, மவுஸ் வாங்கின கதையைச் சொல்லு" என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தொடாத நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் சேமிப்பும் கடனும் அந்தக் கீபோர்டு வழியாகத்தான் கணக்கில் ஏறுகிறது.

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய காலத்தில் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாமே கையெழுத்துதான். நானும் அப்படித்தான் கணக்கு எழுதப் பழகினேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மாதக் கடைசியில் எல்லாக் குழுக்களின் கணக்கும் ஒன்றாக வந்து சேரும். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை தட்டிக்கொண்டே இருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போக ஆரம்பித்தது. ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுவேன். காலையில் சட்டி தூக்கினால் நழுவும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "இவளால முடியல, வேற பிள்ளையைப் போடலாம்" என்று ஆகிவிடுமோ என்ற பயம். அந்த மதிப்பூதியத்தில்தான் என் மகள் காலேஜுக்குப் போகிறாள்.

அப்படி மறைத்ததன் பலனை நான் அனுபவிக்கவில்லை. வேறொருவர் அனுபவித்தார். ஒரு பெரியம்மா மாதத் தவணையாக 2,500 ரூபாய் கட்டியிருந்தார். நான் 250 என்று ஏற்றிவிட்டேன். கடைசி சைபரை அழுத்தியதாகத்தான் நினைத்தேன். விரலுக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் நிலுவைப் பட்டியலில் அவர் பெயரைப் படித்தார்கள். மாட்டுக் கடனுக்குப் போட்டிருந்த மனுவும் நின்றுபோனது. பெரியம்மா மடியிலிருந்து பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "இத்தனை வருஷத்துல நான் கட்டலைன்னு ஒருத்தரும் சொன்னதில்லை கண்ணு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே கணக்கைத் திருத்தினோம். அடுத்த கூட்டத்தில் அவர் கடன் பாக்கி இல்லை, தவறு என்னுடையது என்று எழுந்து சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதினேன். அப்போதுதான் கை மரத்துப்போகிற விஷயத்தையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றுதான் கேட்டார்கள். பெரியம்மா இன்றைக்கும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைப் பேசுகிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழி இருக்கிறதாம். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளேதான் போகின்றன. மணிக்கட்டை மேலேயோ கீழேயோ வளைத்து வைத்துக்கொண்டே இருந்தால் அந்த நரம்பு நசுங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். அதனால் எனக்கு ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். ராத்திரியில் மணிக்கட்டு வளையாமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார்கள். "மாத்திரை மட்டும் போதாது, நீ உட்கார்ற விதத்தையும் மாத்தணும்" என்றார் டாக்டரம்மா.

நான் நேராகக் கடைக்குப் போய் புதுசு வாங்கத்தான் நினைத்தேன். பயிற்சிக் கூடத்து அக்கா, "முதல்ல காசு செலவில்லாததைச் செய்யுங்க" என்று தடுத்தார். அவர் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, உயரம். நம் ஆபீஸ் மேசை என் உயரத்துக்கு ரொம்ப மேலே இருந்தது. முழங்கை உடம்போடு ஒட்டி, எல் எழுத்து மாதிரி மடங்கி, கை மேசைக்கு நேராக நீள வேண்டும். நாற்காலியில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உயர்த்தினேன். கால் தரையில் எட்டாமல் தொங்கியது. அதற்குக் கீழே ஒரு மணைப்பலகை.

இரண்டு, கீபோர்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு குட்டிக் கால்கள். அவற்றை விரித்து நிறுத்தினால்தான் சரி என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படி நிறுத்தினால் மணிக்கட்டு மேல்பக்கம் வளைகிறது. மடக்கிவிட்டேன்.

மூன்று, மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றித் தட்டக் கூடாது. டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குத் தெரியும். மணிக்கட்டைக் கீழே வைத்தால் மாஸ்டர் சத்தம் போடுவார். அவர் சொன்னது சரிதான். தட்டி முடித்து ஓய்வாக இருக்கும்போது வேண்டுமானால் உள்ளங்கையை வைக்கலாம்.

நான்கு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, விரல்களை விரித்து மூடுவது. எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் தீராது.

இதிலேயே பாதி வலி குறைந்தது. மீதிப் பாதிக்குத்தான் கடைக்குப் போனோம்.

அதற்கான செலவைச் செயற்குழுவில் வைத்தபோது ஒரு அக்கா கேட்டார்: "ஓடிக்கிட்டிருக்கிற கீபோர்டை எதுக்கு மாத்தணும்? சந்தாப் பணமாச்சே?" நியாயமான கேள்விதான். அதற்குப் பெரியம்மாதான் பதில் சொன்னார்: "அறுப்புக்குப் போறப்ப நாம யாராச்சும் அடுத்தவ அரிவாளை வாங்கி அறுக்குறோமா? அவ கைக்குப் பிடி வேற, நம்ம கைக்குப் பிடி வேற. இவளுக்கு மட்டும் என்ன கணக்கு?" அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

கடையில் நானும் என்னோடு வேலை பார்க்கும் தங்கச்சியும் மூன்று மணி நேரம் நின்றோம். பெட்டியில் "எர்கோனாமிக்" என்று எழுதியிருந்தாலே போதும் என்று வாங்கிவிடாதீர்கள். உடம்புக்கு இசைவானது என்று அதற்கு அர்த்தம். யார் உடம்புக்கு என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் சாய்ந்த கீபோர்டைக் காட்டினார்கள். தோளிலிருந்து கை இயல்பாக விரிந்து வருகிறது. மணிக்கட்டு பக்கவாட்டில் வளையாது. பார்க்காமல் பத்து விரலாலும் தட்டுகிறவர்களுக்கு நல்ல பொருள்தான். எங்கள் தங்கச்சி இரண்டு விரலால், பார்த்துப் பார்த்துத் தட்டுகிறவள். அவளுக்கு எழுத்து தேடவே நேரம் போனது. விலையும் சில ஆயிரம். வேண்டாம் என்று வைத்துவிட்டோம்.

அடுத்தது, எண் கட்டை இல்லாத சின்னக் கீபோர்டு. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. முழுக் கீபோர்டு சுமார் 45 சென்டிமீட்டர் அகலம். எழுத்துப் பகுதிக்கு நேராக நாம் உட்கார்ந்தால், வலது பக்கம் எண் கட்டை, அதற்கும் அப்பால் மவுஸ். கை எட்டி எட்டித் தோள் வலிக்கிறது. சின்னது சுமார் 36 சென்டிமீட்டர்தான், மவுஸ் பக்கத்தில் வந்துவிடும். கதை கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அது சரி. எங்களுக்கு நாள் முழுக்க எண்தான் வேலை. எண் கட்டை இல்லாமல் முடியாது.

கடைசியில் நான் எடுத்தது, எண் கட்டையோடு, உயரம் குறைந்து தட்டையாக, லேசாகத் தொட்டாலே அழுந்துகிற கட்டைகள் கொண்ட சாதாரணக் கீபோர்டு. விலை 1,150 ரூபாய். பழைய கீபோர்டில் கட்டைகள் கெட்டியாகி, ஒவ்வொன்றையும் குத்த வேண்டியிருந்தது. அதுதான் விரலைக் கெடுத்தது என்று புதுசைத் தொட்ட பிறகுதான் புரிந்தது. எழுத்து பெரிதாக, அழியாமல் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்தைத் தேடிக் குனிந்தால் கழுத்தும் போகும்.

மவுஸ் விஷயத்துக்கு வருகிறேன். கையை நீட்டி மவுஸ் மேல் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை அதன்மேல் படிய வேண்டும், விரல் மடங்கி இடுக்கக் கூடாது, நீட்டி எட்டவும் கூடாது. கடையில் இருந்தவை பலவும் பெரிய கைக்குச் செய்த மாதிரி இருந்தன. நின்ற வாக்கில் பிடிக்கும் மவுஸும் இருக்கிறது. கை கொடுக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். முன்கை முறுக்கிக்கொள்ளாது. தங்கச்சிக்கு அது பிடித்தது, 900 ரூபாய். முதல் ஒரு வாரம் சின்னக் கட்டத்தில் சொடுக்கத் தடுமாறினாள், பிறகு பழகிவிட்டது. ஆனால் அந்த வகையில் வலது கைக்கு வேறு, இடது கைக்கு வேறு. பார்த்து வாங்க வேண்டும்.

நான் வேறு வழி பிடித்தேன். வலது கைக்கு எண் கட்டையே போதுமான வேலை. அதனால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சின்ன மவுஸ் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கி, இடது கைப் பக்கம் வைத்தேன். கம்ப்யூட்டர் அமைப்பில் இடது, வலது பொத்தானை மாற்றிக்கொள்ளலாம், அதற்குச் செலவே இல்லை. இரண்டு வாரம் பிடித்தது பழக. ஒரு கை எண் போடும், ஒரு கை நகர்த்தும். எட்டிப் பிடிக்கிற வேலையே போய்விட்டது.

இன்னொன்று. தமிழில் தீர்மானம் தட்டச்சு செய்ய நான் தமிழ்99 பழகினேன். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை முறை அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. இரண்டு கையும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ, நான்கே தட்டு. புள்ளி தானாக விழும்.

இத்தனைக்கும் கீபோர்டுக்கும் இரண்டு மவுஸுக்கும் சேர்த்து ஆனது 2,500 ரூபாய். பில்லைக் கணக்கில் ஏற்றும்போதுதான் பார்த்தேன். பெரியம்மா கட்டிய அதே தொகை. இந்த முறை சைபரை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

என் கை முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் இன்னும் கொஞ்சம் மரக்கும். ஆனால் ராத்திரி தூங்குகிறேன், சட்டி நழுவுவதில்லை, விரலுக்குச் சைபர் தெரிகிறது.

இந்தப் பேரவையிடம் இரண்டு கோரிக்கை. இனிமேல் யார் கணக்கெழுத வந்தாலும், மேசை நாற்காலி உயரம், மவுஸ், கீபோர்டு அவர் கைக்குச் சரியா என்று முதல் வாரமே பாருங்கள். அடுத்து, தையல் மிஷினில் உட்காருகிறவரானாலும், செல்போனில் பதிவு போடுகிறவரானாலும், விரல் மரத்தால், ராத்திரி வலி எழுப்பினால், என்னைப் போல மறைக்காமல் குழுவில் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். கடன் கேட்க நாம் வெட்கப்படுவதில்லை. வலியைச் சொல்லவும் வெட்கப்பட வேண்டாம்.