காய்ச்சல் போனது, காது?

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த தங்கவயல் தாய்மார்களே, மூளைக்காய்ச்சலில் பிள்ளை பிழைத்துவிட்டால், அந்த நிம்மதியில் காதை மறந்துவிடுகிறோம். பாக்டீரியாக் கிருமி உண்டாக்கும் அழற்சி, உள்காதில் நத்தை ஓடு போலிருக்கும் காக்ளியாவரை பரவும். நிமோகாக்கஸ் கிருமி என்றாலோ, முதுகுத்தண்டு நீரில் சர்க்கரை மிகக் குறைந்திருந்தாலோ ஆபத்து அதிகம். வலிப்பு வந்த பிள்ளைக்கும் அப்படியே.

பின்னால் நின்று டம்ளரைத் தட்டிப் பார்த்து, “திரும்பிட்டானே” என்று விட்டுவிடாதீர்கள். அதிர்வுக்கும் பிள்ளை திரும்பும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புமுன், தவறினால் 4 வாரத்துக்குள், முறையான செவித்திறன் பரிசோதனை கேளுங்கள். தள்ளிப்போட்டால் காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து, அதனுள் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துவதே கடினமாகிவிடலாம்.

இந்தக் காய்ச்சலைத் தடுக்க உதவும் நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடெங்கும் இலவசம். தடுப்பூசி அட்டையில் 6, 14-ஆம் வாரம், 9-ஆம் மாதக் கட்டங்களை இன்றே பாருங்கள்.