ஒருத்தி நுழைந்துவிட்டால் கதவு திறந்ததாகுமா?
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழருக்குப் புகழுரை பிடிக்காது. அவர் நடத்திய வாசிப்புக் கூட்டங்கள் ஒரு கேள்வியில்தான் தொடங்கும். நாங்களும் அப்படியே தொடங்குகிறோம்.

மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி அண்மையில் எங்களிடம் கேட்டாள். அவளுடைய ஆசிரியர் ஒருவர் வகுப்பில் ஒரு கால்பந்து வீடியோவைக் காட்டினாராம். பிரேசில் நாட்டின் மார்த்தா எதிரணியினரைக் கடந்து ஓடி கோல் அடிக்கும் காட்சி. “பாருங்க, ஏழை வீட்டுப் பொண்ணு. எந்த ஒதுக்கீடும் இல்லாம உலகத்துலயே முதல் ஆளா வந்துட்டா. தகுதி இருந்தா யாரு தடுக்க முடியும்?” என்றாராம். வகுப்பில் யாரும் பதில் சொல்லவில்லை. “நான் என்ன சொல்லியிருக்கணும் தோழர்?” என்றாள். இந்த உரை அவளுக்கான பதில்தான்.

மார்த்தா வியேரா ட சில்வா 1986இல் பிறந்தார். ஊர், பிரேசிலின் வடகிழக்கில் அலகோவாஸ் மாநிலத்தின் வறண்ட உள்நாட்டில் உள்ள டோயிஸ் ரியாச்சோஸ். அலகோவாஸ் நாம் அறிந்திருக்க வேண்டிய மண். 17ஆம் நூற்றாண்டில், தப்பித்து வந்த கறுப்பின அடிமைகள் தமக்கென அமைத்துக்கொண்ட பல்மாரெஸ் குடியிருப்புகள் இருந்த பகுதி அது. அதன் தலைவர் சும்பி 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டார். இன்று பிரேசிலில் அந்த நாள் கறுப்பின விழிப்புணர்வு நாள். அந்த நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1888 ஆயிற்று.

மார்த்தா கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தைவிட்டுப் போய்விட்டார். தாய் தனியாக உழைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தார். தெருவில் பையன்களோடு பந்து விளையாடிய அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது ஏச்சும் கேலியும்தான். ஒரு போட்டியில் எதிரணிப் பயிற்சியாளர், இந்தப் பெண் ஆடினால் என் அணி ஆடாது என்று சொல்லிவிட்டார். ‘அவர்கள் இறங்கினால் நாங்கள் இறங்கமாட்டோம்’ என்ற பேச்சை நம்மில் பலர் ஊர்க் குளத்தங்கரையில் கேட்டிருப்போம்.

அந்தப் பயிற்சியாளரின் பேச்சு அவருடைய சொந்தச் சரக்கன்று. அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1941இல் வார்காஸ் அரசு ஓர் ஆணை போட்டது. பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக்கூடாது என்றது அந்த ஆணை. 1965இல் கால்பந்தைப் பெயர் சொல்லியே தடை செய்தார்கள். தடை நீங்கியது 1979இல். ஆக, 38 ஆண்டுகள். பிரேசிலின் ஆண்கள் 1958, 1962, 1970 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளை வென்று நாடே கொண்டாடிய காலத்தில், அந்த நாட்டுப் பெண் பந்தைத் தொட்டால் அது சட்டமீறல்.

‘இயல்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறவியிலேயே உனக்கு இதுதான் இயல்பு, இதுதான் உன் தொழில் என்று நமக்கும் சொன்னார்கள். முதலில் தடுப்பார்கள். தடுத்ததால் பழகாமல் போனதை, ‘அவர்களுக்கு வராது’ என்பார்கள். பிறகு அதையே தடைக்கான காரணமாகக் காட்டுவார்கள். அண்ணல் அம்பேத்கர் வாழ்நாள் முழுதும் உடைத்துக்காட்டிய சூது இதுதான்.

தன் பதினான்காம் வயதில் மூன்று நாள் பேருந்தில் பயணம் செய்து ரியோ நகருக்குப் போனார் மார்த்தா. வாஸ்கோ ட காமா கிளப்பின் தேர்வில் வென்றார். 2004இல் ஸ்வீடனின் உமியோ அணிக்குப் போய், அந்த ஆண்டே ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து முறையும், மீண்டும் 2018இலும் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். உலகக் கோப்பைகளில் மட்டும் 17 கோல்கள். 2019இல் அவர் அந்த எண்ணிக்கையை எட்டியபோது, உலகக் கோப்பையில் அத்தனை கோல் அடித்த ஆண் ஒருவரும் இல்லை.

ஆசிரியர் காட்டிய வீடியோ இதோடு முடிந்திருக்கும். நாம் மிச்சத்தைப் பார்ப்போம்.

2009இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் சோல் அணிக்கு ஆடினார். அடுத்த ஆண்டு தொடங்கியதும் அணி கலைந்தது. 2010இல் கோல்ட் பிரைட் அணிக்குப் போய்ப் பட்டம் வென்றார். அந்த ஆண்டே அதுவும் மூடப்பட்டது. 2011இல் வெஸ்டர்ன் நியூயார்க் ஃப்ளாஷ் அணியில் மீண்டும் பட்டம் வென்றார். 2012இல் லீகே மூடப்பட்டது. அவர் ஆடிய பிரேசிலின் சாண்டோஸ் கிளப்பும், செலவைக் காரணம் காட்டி, அதே 2012இல் பெண்கள் அணியைக் கலைத்தது. ஸ்வீடனின் டிரெசோ அணிக்காக 2014 ஐரோப்பிய இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்தார். அந்த ஆண்டே டிரெசோ திவாலானது.

உலகின் முதல் இடத்தில் இருந்தவருக்கே காலடி மண் இப்படிச் சரிந்தது. தகுதிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எது? தகுதி தனியாக நின்று எதையும் பிடித்துவைக்க முடியாது. மைதானம், சம்பளம், பயிற்சி, தொடர்ந்து நடக்கும் போட்டி ஆகியவற்றை யாராவது ஏற்படுத்த வேண்டும். ஆண்களுக்கு அதை அரசும் கிளப்புகளும் தலைமுறை தலைமுறையாக ஏற்படுத்திக் கொடுத்தன. அதற்கு யாரும் ஒதுக்கீடு என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்த்தாவுக்கு இது தெரிந்திருந்தது. 2019 உலகக் கோப்பையில் எந்த நிறுவனத்தின் சின்னமும் இல்லாத காலணியோடு இறங்கினார். தனக்கு வந்த விளம்பர ஒப்பந்தங்கள் ஆண் வீரர்களுக்குத் தருவதைவிட மிகக் குறைவு என்று மறுத்திருந்தார். காலணியில் இருந்தது சமத்துவக் குறி மட்டும். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கோல் அடித்ததும் அந்தக் குறியைச் சுட்டிக்காட்டினார். பிரான்சிடம் தோற்று வெளியேறிய இரவில் கேமராவைப் பார்த்து, அடுத்து வரும் சிறுமிகளிடம் பேசினார். ஃபோர்மிகா என்றென்றும் இருக்கமாட்டார், நானும் இருக்கமாட்டேன், நீங்கள்தான் இதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் சாரம்.

அவர் பெயர் சொன்ன ஃபோர்மிகா, சால்வடோர் நகரத்துக் கறுப்பினப் பெண். பிறந்தது 1978. அதாவது, பெண் பந்தாடுவது குற்றமாக இருந்தபோது பிறந்தவர் ஏழு உலகக் கோப்பைகளில் ஆடினார். அவருக்கு முன் 38 ஆண்டுகளில் எத்தனை ஃபோர்மிகாக்கள், எத்தனை மார்த்தாக்கள் சமையலறையிலேயே முடிந்துபோனார்கள்? அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. தகுதி பேசுகிறவர்கள் வந்து சேர்ந்தவரை மட்டும் எண்ணுகிறார்கள். வரவிடாமல் தடுக்கப்பட்டவர்களையும் சேர்த்து எண்ணுவதுதான் நம் அரசியல்.

இரண்டு ஆட்டங்களைச் சொல்லி முடிக்கிறோம். 2007 உலகக் கோப்பை. ஏழு கோல் அடித்து, அந்தப் போட்டியின் சிறந்த வீராங்கனையும் ஆனார் மார்த்தா. ஆனால் ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த பெனால்டி தடுக்கப்பட்டது. பிரேசில் 0-2 என்று தோற்றது. ஆகஸ்ட் 2025, கீட்டோ நகரில் கோபா அமெரிக்கா இறுதி ஆட்டம். வயது 39. மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கூடுதல் நிமிடங்களில் கோல் அடித்துத் தோல்வியைத் தடுத்தார். பிறகு இன்னொன்றும் அடித்தார். 4-4 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. அதில் மார்த்தா தவறவிட்டார். ஆனாலும் பிரேசில் வென்றது. அவருக்குப் பின் வந்த இளம் பெண்கள் அடித்தார்கள், கோல்கீப்பர் தடுத்தார்.

ஒருத்தியை மட்டும் நம்பியிருக்கும்வரை அவள் ஒருமுறைகூடத் தவறக்கூடாது. பலர் வந்துவிட்டால், அவளுக்கும் தவறுகிற உரிமை கிடைக்கிறது. அந்த உரிமைக்குப் பெயர்தான் சமத்துவம். நம்மில் முதல் தலைமுறையாகப் படிக்கப் போன ஒவ்வொருவருக்கும் இதன் பொருள் தெரியும். ஒரு தேர்வில் தோற்றால்கூடச் சமூகமே தோற்றதாக அல்லவா பேசினார்கள்?

எனவே அந்த மாணவிக்கு எங்கள் பதில் இது. மார்த்தாவின் படத்தை நீயே வகுப்புக்கு எடுத்துப்போ. அவருடைய கோல்களைக் காட்டு. கூடவே 1941ஆம் ஆண்டின் ஆணையையும், கலைந்துபோன அணிகளின் பட்டியலையும் காட்டு. காட்டிவிட்டு உன் ஆசிரியரிடம் ஒன்று கேள்: நம் பள்ளியின் மைதானத்தில் சாயங்காலம் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் சார்?