கம்பளி ஆலையும் கலைக்கூடமும்

இங்கிலாந்தின் வடபாகத்திலே, யோர்க்ஷயர் மாகாணத்தில், பிராட்போர்ட் நகரிலிருந்து சில மைல் தொலைவில் ஏயர் என்னும் நதி ஓடுகின்றது. அதன் கரையில், ஒருபுறம் வாய்க்காலும் மறுபுறம் புகையிரதப் பாதையும் அமைய, நடுவே ஆறு மாடிகளுடன் ஒரு கற்கட்டடம் நிற்கின்றது. அதன் முகப்பின் நீளம் 545 அடி. இலண்டனிலுள்ள புனித பவுல் தேவாலயத்தின் நீளத்தோடு இதனை ஒப்பிட்டுப் பேசுவது அவ்வூர் மக்களின் வழக்கம். உள்ளே நுழைவோரை லில்லி மலர்களின் நறுமணமும் சுவரெங்கும் தொங்கும் ஓவியங்களும் வரவேற்கின்றன. ஒரு காலத்தில் இதே தளங்களில் ஆட்டு மயிரின் நெடியும், எண்ணெய் மணமும், இயந்திரங்களின் பேரிரைச்சலுமே நிறைந்திருந்தன. இதுவே சோல்ற்ஸ் ஆலை.

இதனைக் கட்டியவர் டைற்றஸ் சோல்ற் என்பவர். 1803இல் பிறந்த இவர் கம்பளி வணிகரொருவரின் மகன். 1836ஆம் ஆண்டளவில் லிவர்பூல் துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றில், வாங்குவாரின்றித் தேங்கிக் கிடந்த சில மூடைகள் இவர் கண்ணிற் பட்டன. அவற்றுள் இருந்தது தென்னமெரிக்காவின் பெரு நாட்டு மலைகளில் மேயும் அல்பாக்கா என்னும் விலங்கின் உரோமம். அதனை நூற்க முயன்ற பலர் கைவிட்டிருந்தனர். சோல்ற் கைவிடவில்லை. பருத்தி நூலைப் பாவாகவும் அல்பாக்கா நூலை ஊடாகவும் கொண்டு பட்டுப்போல் மினுங்கும் துணியை நெய்வித்தார். அக்காலச் சீமாட்டிகள் அதனை விரும்பி வாங்கினர், செல்வம் குவிந்தது. நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் இந்தப் பண்டகசாலைக் கதையை வேடிக்கையாக எழுதியுமுள்ளார்.

அந்நாளில் பிராட்போர்ட் உலகக் கம்பளி வணிகத்தின் தலைநகராக விளங்கியது. ஆயினும் அதன் வானம் கரிய புகையால் மூடப்பட்டிருந்தது. வாய்க்கால்களிற் கழிவுநீர் தேங்கி நின்றது. 1848இல் சோல்ற் நகர மேயரானார். அடுத்த ஆண்டே வாந்திபேதி நோய் நகரிற் புகுந்து தொழிலாளர் குடியிருப்புக்களை வாட்டியது. நகருக்குள் இன்னுமோர் ஆலையைக் கட்டுவதற்குப் பதிலாக, வெளியே தூய காற்று வீசும் நதிக்கரைக்குத் தம் தொழிலனைத்தையும் பெயர்த்துச் செல்ல அவர் துணிந்தார். 1853 செப்டெம்பர் 20ஆந் திகதி, தமது ஐம்பதாவது பிறந்த தினத்தன்று, புதிய ஆலையைத் திறந்து வைத்தார். மூவாயிரம் பேருக்கு மேல் அங்கு வேலை செய்தனர். 1,200 தறிகள் இயங்கின.

ஆலையை அடுத்து எழுந்ததே சோல்றெயர் என்னும் கிராமம். உரிமையாளரின் பெயரையும் நதியின் பெயரையும் சேர்த்து இட்ட பெயர் அது. எண்ணூறுக்கு மேற்பட்ட கல்வீடுகள், தேவாலயம், பாடசாலை, வைத்தியசாலை, முதியோர் இல்லங்கள், பூங்கா ஆகிய யாவும் படிப்படியாக அமைந்தன. பல வீதிகளுக்கு அவருடைய பிள்ளைகளின் பெயர்களே சூட்டப்பட்டன. மதுச்சாலைக்கு மட்டும் அங்கு இடமில்லை. பிற்காலத்திலே திறக்கப்பட்ட ஒரு மதுச்சாலைக்கு ‘டைற்றஸிடம் சொல்லாதே’ என்று குறும்பாகப் பெயரிட்டார்கள் என்றால், அந்தத் தடை எவ்வளவு காலம் நினைவில் நின்றது என்பது விளங்கும். வீதிகளிலே துணி உலர்த்துவதையும் அவர் விரும்பவில்லை. பொதுச் சலவைக்கூடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். பெண்களோ தம் வீட்டிலேயே துவைக்க விரும்பினர். சலவைக்கூடம் ஈற்றில் மூடப்பட்டது. தந்தையின் அன்போடு தந்தையின் அதிகாரமும் சேர்ந்தே வரும்போலும்! பிள்ளைகள் பாதி நாள் பாடசாலையிலும் பாதி நாள் ஆலையிலும் கழித்தனர் என்பதையும் மறைத்தற்கில்லை. இருந்தும், 1876இல் அவர் இறந்தபோது சவ ஊர்வலத்தைக் காணப் பெருந்திரளானோர் தெருக்களிற் கூடினர்.

1893இல் ஆலை குடும்பத்தினரிடமிருந்து பிறர் கைக்கு மாறியது. இருபதாம் நூற்றாண்டில், செயற்கை இழைகளும் வெளிநாட்டுப் போட்டியும் யோர்க்ஷயர்க் கம்பளித் தொழிலை நெருக்கின. இரவு பகலாக இயந்திரங்களை ஓட்டியே பிழைக்கவேண்டிய நிலை வந்தது. இரவு வேலைக்கு உள்ளூரார் முன்வராதபோது, 1950களிலும் 1960களிலும் பாகிஸ்தானிலிருந்து, சிறப்பாக மங்களா அணைக்கட்டினால் நிலமிழந்த மீர்ப்பூர்ப் பகுதியிலிருந்து, இளைஞர்கள் பிராட்போர்ட் ஆலைகளுக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் உழைப்பால் ஆலைகள் இன்னுஞ் சில காலம் உயிர் தாங்கின. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது முதலில் வேலை இழந்தவர்களுள் அவர்களும் இருந்தனர். சோல்ற்ஸ் ஆலையில் 1986 பெப்புருவரியில் கம்பளி உற்பத்தி நின்றது.

வெறுமையாகக் கிடக்கும் ஆலைக்கு ஆயுள் அதிகமில்லை. கூரை ஒழுகும், ஈயத்தகட்டைத் திருடர் கொண்டுபோவர், பல்லாண்டுகளாக இயந்திர எண்ணெயை உறிஞ்சிய மரத்தளங்களில் ஒரு பொறி விழுந்தாற் போதும். பிராட்போர்ட்டின் டிரமண்ட் ஆலை 2016இலும், அயலூரான கீத்லியின் டால்ற்றன் ஆலை 2022இலும் தீக்கிரையாயின.

சோல்ற்ஸ் ஆலையைக் காத்தவர் ஜொனதன் சில்வர் என்னும் பிராட்போர்ட் வணிகர். 1987இல் அதனை விலைக்கு வாங்கி, அவ்வாண்டிலேயே ஒரு தளத்தில் ‘1853 கலைக்கூடம்’ என்பதைத் திறந்து, அதே நகரிற் பிறந்த ஓவியர் டேவிட் ஹொக்னியின் படைப்புக்களை வைத்தார். இருவரும் ஒரே பாடசாலையில் வெவ்வேறு காலங்களிற் பயின்றவர்கள். மாணவனாக இருந்தபோதே சில்வர், பாடசாலைச் சஞ்சிகைக்கு அட்டைப்படம் வரைந்து தருமாறு ஹொக்னியிடம் கேட்டுப் பெற்றவர். ஒரு மாணவனின் துணிச்சலான வேண்டுகோளே பின்னர் ஓர் ஆலையைக் காத்த நட்பாக வளர்ந்தது. 1989இல் ஹொக்னி, கலிபோர்னியாவிலிருந்து 144 தாள்களாகத் தொலைநகல் இயந்திரத்தின் வழியே ஓர் ஓவியத்தை அனுப்ப, அத்தாள்கள் பார்வையாளர் முன்னிலையில் இவ்வாலையிலே பொருத்தப்பட்டன.

இத்தகைய கட்டடம் புதுத்தொழிலுக்கு இணங்குவதற்கு அதன் அமைப்பே காரணம். நூற்பு இயந்திரங்களின் பாரத்தைத் தாங்குவதற்கென அமைந்த தளங்கள் எதனையும் தாங்கும். வார்ப்பிரும்புத் தூண்களும் செங்கல் வளைவுகளும் தாங்குவதால் நடுவே தடுப்புச் சுவர் வேண்டியதில்லை. நூலின் நிறத்தைப் பகலொளியில் ஆராய்வதற்காக வைத்த பெரிய சாளரங்கள் ஓவியம் பார்ப்பதற்கும் உதவுகின்றன. சில்வர் கலையை மட்டும் நம்பியிருக்கவுமில்லை. மின்னணுக் கருவிகள் செய்யும் கம்பனி ஒன்றுக்கு ஒரு பகுதியை வாடகைக்கு விட்டார். அதனால் மீண்டும் நூற்றுக்கணக்கானோர் அங்கே கூலி பெற்றனர். இதுவே அவர் திட்டத்தின் சிறந்த பகுதி எனலாம். புத்தகசாலையும் உணவுச்சாலையும் பின்தொடர்ந்தன. 1997இல், 47 வயதிலேயே, சில்வர் காலமானார். குடும்பத்தார் பணியைத் தொடர்ந்தனர்.

ஹலிபாக்ஸ் நகரிலுள்ள டீன் குளோ என்னும் பெருங் கம்பள ஆலையும் 1983இல் ஏர்னஸ்ற் ஹோல் என்பவரால் வாங்கப்பட்டு அலுவலகங்களும் கலையரங்குகளுமாக மாறியது. லீட்ஸின் ஆம்லி ஆலை, ஒரு காலத்தில் உலகிலேயே மிகப்பெரிய கம்பளி ஆலை எனப் பெயர்பெற்றது. அது 1982இல் அரும்பொருட்சாலையாயிற்று. இயந்திரங்களைக் காண விரும்புவோர் அங்கே செல்லவேண்டும். சோல்ற்ஸ் ஆலையில் கட்டடம் பிழைத்தது; தறிகள் பிழைக்கவில்லை.

2001இல் சோல்றெயர் கிராமம் முழுவதும் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. தொழிலாளருக்கென எழுந்த அந்தச் சிறு கல்வீடுகளுக்கு இப்போது நல்ல விலை உண்டு. அவற்றைக் கட்டுவித்தவரின் பிள்ளைகள் பெயரைத் தாங்கிய வீதிகள், செங்குத்தான சரிவில், இன்றும் ஆலையின் வாயிலை நோக்கியே இறங்குகின்றன.