மேட்டிலிருந்து தொடங்குவோம்

(தொப்பூர் விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, விவசாயப் பெருமக்களே!

சேர்வராயன் மலையில் பிறக்கும் தொப்பையாறு, நம் ஊர் வழியாக மேட்டூர் நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கிறது. பெருமழை பெய்தால் செந்நீர் புரண்டோடுகிறது. பின்பு வெறும் மணலே எஞ்சுகிறது. அந்தச் செந்நிறம் நம் நிலங்களின் மேல்மண்ணே அன்றோ?

இந்த நஷ்டத்தைத் தனியொருவர் தடுக்க இயலாது. மேட்டு நிலத்தின் வரப்பு உடைந்தால், பள்ளத்து வரப்பு எவ்வளவு உயர்ந்திருந்தும் நில்லாது. ஆகவே முதலில் மேட்டில் சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பு. அடுத்து ஓடைகளில் கல் தடுப்பு. இறுதியில் கீழே தடுப்பணை. நீரின் வேகம் குறைந்தால் மண் தங்கும். நீர் உள்ளிறங்கிக் கிணற்றில் ஊறும்.

வேலூர் மாவட்டத்தில் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. 2014-ஆம் ஆண்டு தொடங்கிய பணியில், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ், சுமார் 20,000 பெண்கள் தடுப்பணைகளும் நீர் செறிவூட்டும் கிணறுகளும் அமைத்தனர். நதியில் மீண்டும் நீர் ஓடியது.

"மேட்டுக்காரர் நிலத்தில் நாங்கள் ஏன் மண் சுமக்க வேண்டும்?" என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. உங்கள் கிணற்றில் ஊறும் நீர் அவர் நிலத்தில்தான் இறங்குகிறது என்பதே விடை. மேட்டுக்காரர்களே! வரப்புக்கு விடும் இடம் வீணன்று. அங்கே தங்கும் மண் உங்களுடையதே.

யாவரும் ஒன்றுகூடி, மேட்டின் முதல் ஓடையில் முதற்கல்லை வைப்போம். ஆண்டுதோறும் மழைக்கு முன் பழுது பார்ப்பதைப் பஞ்சாயத்து தன் கடமையாக ஏற்கட்டும்.