நிலாவில் இறங்கியது நிஜமா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"1969-இல் நிலாவில் இறங்கினதெல்லாம் ஸ்டூடியோவில் எடுத்த சினிமாதானாமே சார்?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். தாராளமாகக் கேட்கலாம். பதிலையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

படத்தில் நிழல்கள் வெவ்வேறு பக்கம் சாய்கின்றனவாம். விடிகாலையில் நம்ம கடலூர் சில்வர் பீச்சுக்குப் போய்ப் பாருங்கள். மணல்மேட்டில் ஒரு நிழல், பள்ளத்தில் ஒரு நிழல், இரண்டும் கோணலாகத்தான் தெரியும். சூரியன் என்னவோ ஒன்றுதான்!

வானத்தில் நட்சத்திரமே இல்லையாம். ராத்திரி சிதம்பரத்தில், விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற கோபுரத்தைப் படம் எடுங்கள். கோபுரம் பளிச்சென்று விழுகிற மாதிரி எடுத்தால் மேலே வானம் கறுப்பாகத்தான் இருக்கும். அப்பல்லோ வீரர்கள் படம் எடுத்ததோ நல்ல வெயிலில்.

"எல்லாம் அமெரிக்காக்காரன் சொல்வதுதானே?" என்பது அடுத்த கேள்வி. இதுதான் உண்மையான கேள்வி. அன்றைக்குப் போட்டியில் இருந்த சோவியத் நாடு, பொய் என்று தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்குமா? அதுவும் போகட்டும், நம்ம ஆள் கதைக்கு வருகிறேன்.

2009 முதல் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் நிலாவைச் சுற்றிப் படம் எடுத்தது. அப்பல்லோ வீரர்கள் நடந்த தடம்கூட அந்தப் படங்களில் தெரிகிறது. 2019 செப்டம்பர் 7-இல் நமது சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலாவில் விழுந்து நொறுங்கியது. எல்.ஆர்.ஓ. எடுத்த படங்களை நாசா பொதுவில் வைத்தது. சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், விழுவதற்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடினார். முன்பு இல்லாத ஒரு சின்னப் புள்ளி! எழுதிப் போட்டார். நாசா சரிபார்த்து, அந்த டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது. விக்ரம் சிதறலைக் காட்டிய அதே கேமராதான் அப்பல்லோ தடத்தையும் காட்டுகிறது. ஒன்றை நம்பி இன்னொன்றை எப்படித் தள்ளுவது?

அதோடு விடவில்லை. லேண்டர் போனாலும் சந்திரயான்-2-இன் சுற்றுக்கலம் பிழைத்தது. கால் மீட்டர் அளவுக்குக் கூர்மையாகப் பார்க்கும் அதன் கேமரா, 2021-இல் அப்பல்லோ-11 விட்டுவந்த அடிப்பகுதியைப் படம் எடுத்தது. இது நம் இஸ்ரோவின் கண்.

"அப்புறம் 1972-க்குப் பிறகு ஏன் யாரையும் இறக்கவில்லை?" பணம், தம்பி! அப்பல்லோ 18, 19, 20 மூன்றையும் செலவு தாங்காமல் ரத்து செய்தார்கள். மிஞ்சிய ராட்சத ராக்கெட்டுகள் இன்றும் அங்கே காட்சிக்குக் கிடக்கின்றன.

மற்ற சந்தேகங்களைச் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள். சாம்பார் ஆறுகிறது.